பேழைக்குட் பாட்டு

அரிய பொருள்களைத் தேடிச் சேர்ப்பவரை உலகம் மெச்சுகின்றது. பழைய நாணயங்களைச் சேர்ப்போரும் தபால் முத்திரைகளைச் சேர்ப்போரும் நெடுங்காலமாக இம்மதிப்பைப் பெற்றுவந்துள்ளனர். பழைய இசைத்தட்டுக்களையும் ஒலிநாடாக்களையும் சேகரிப்போரும் இன்று அவ்வரிசையில் இடம்பெற்றுவிட்டனர். இவர்களுட் பலர் ஊரூராய் அலைந்து, கைப்பொருள் செலவிட்டு, பழைய சாமான் கடைகளிலும் வீட்டுப் பரண்களிலும் தூசி படிந்து கிடந்தவற்றை மீட்டவர்கள். அவ்வுழைப்பை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வுழைப்பின் பின்னால் ஒரு கொள்கை, பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படாமலே, நின்று தொழிற்படுகின்றது. பிறரெவரிடமும் இல்லாதது என்னிடம் இருக்கின்றது. ஆதலால் அது மதிப்புடையது. அம்மதிப்புக் குன்றாதிருக்க வேண்டுமாயின் அது என்னிடம் மட்டுமே இருத்தல் வேண்டும் என்பதே அக்கொள்கை. இது பிழையான கொள்கை. இசைக்கும் மொழிக்கும் வரலாற்றுக்கும் தீங்கு செய்யும் கொள்கை. எம்போன்ற சிறிய சமுதாயத்துக்கோ பேரிழப்பாக முடியக்கூடிய கொள்கை. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இசைத்தட்டு என்பது யாது என நோக்குவோம். நாணயம் கண்ணாற் கண்டு அறியத்தக்கது. அதனைக் கண்ணாடிப் பெட்டியினுள் வைத்தாலும் அதன் பயன் பார்ப்பவனுக்குக் கிடைத்துவிடும். பெட்டியினுள் வைத்த இசைத்தட்டோ வெறும் கறுத்த வட்டம். ஒலிக்கும்போதுதான் அது இசைத்தட்டாகின்றது. மேலும், அது பிறக்கும்போதே பிரதியாகப் பிறந்தது. பாடகர் பாடியது மெழுகுத் தட்டிற் பதியப்பட்டது. அதிலிருந்து உலோக அச்சு எடுக்கப்பட்டது. அவ்வச்சினால் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் தட்டுக்கள் அழுத்தப்பட்டன. பல வீடுகளில் ஒலிக்கவேண்டும் என்பதே பாடியவர் கருத்து. விற்றவர் கருத்தும் அதுவே. பலவாகப் பிறந்தது ஒன்றாக எஞ்சியமை விபத்தேயன்றிச் சிறப்பன்று. ஊரெல்லாம் மாண்டு ஒருவன் மட்டும் உயிர் தப்பினால், அவனை அரியவன் என்று பாராட்டி அறையினுள் வைத்துப் பூட்டுவாருண்டோ?

அவ்விபத்து எவ்வாறு நேர்ந்தது என்பதையும் அறிதல் வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு, கல்தூளும் அரக்கும் கலந்து செய்யப்பட்டது. அவ்வரக்கு பெரும்பாலும் இந்திய மரங்களில் வாழும் சிறு பூச்சியொன்றின் படைப்பு. கைதவறி விழுந்தால் அத்தட்டு நொறுங்கும். பக்கத்துக்கு ஒன்றாக மாற்றவேண்டிய உருக்கு ஊசியை மாற்றாது ஓட்டினால் வரிகள் தேயும். இரண்டாம் உலகப்போர் வேறு வந்தது. 1942 இல் ஐக்கிய அமெரிக்க அரசு இசைத்தட்டுத் தொழிலுக்கு வழங்கிய அரக்கை முன்னைய அளவின் 30 வீதமாகக் குறைத்தது; மக்களிடம் பழைய தட்டுக்களைத் திரும்பப் பெற்று, நொறுக்கி, புதிய தட்டுக்களைச் செய்தனர். புதிய பாட்டுக்கு இடங்கொடுக்கப் பழைய பாட்டு மாண்டது. ஒலிநாடா வந்தபின் அழிவு இன்னும் எளிதாயிற்று. நாடா விலை கூடியது. அழித்து மீண்டும் பதியத்தக்கது. ஆகவே உலகெங்கும் வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் தம் நிகழ்ச்சிகளைத் தாமே அழித்தன. பி.பி.சி. நிறுவனம் 1960 களில் ஒளிபரப்பிய ‘டொக்டர் ஹூ’ என்னும் தொடரின் தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகளின் படப்பதிவு இவ்வாறே தொலைந்தது. ஆயினும் அத்தொடரின் ஒரு பகுதியேனும் ஒலி வடிவில் இழக்கப்படவில்லை. தத்தம் வீட்டிலிருந்து ஒலிநாடாவிற் பதிந்துவைத்த சாதாரண இரசிகர் சிலரே அதற்குக் காரணராவர். நிறுவனம் கைவிட்டதைத் தனிமனிதர் காத்தனர்.

எனவே சேகரிப்போர் என்ற இனமே வேண்டாம் என்பது எமது வாதமன்று. அவர்கள் இல்லையெனில் இழப்பு இன்னும் பெரிது. அவர்களுள் இருவகையினர் உளர் என்பதும், அவ்விருவகையினரையும் ஒரே தட்டில் வைத்துப் போற்றுதல் தகாது என்பதுமே வாதம்.

முதல் வகையினருக்கு ஒரு சான்று தருவோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ இசையை 1920 களிலும் 1930 களின் தொடக்கத்திலும் பதிந்து விற்றவற்றுள் பரமவுண்ட் என்ற கம்பனியும் ஒன்று. அது விஸ்கொன்சின் மாநிலத்து நாற்காலிக் கம்பனியொன்றின் கிளை. தளபாடம் விற்பவருக்கு இசை ஒரு துணை வியாபாரம். தொழில் நொடித்தபோது உலோக அச்சுக்களிற் பெரும்பாலானவை பழைய உலோகமாகக் கைவிடப்பட்டன. சார்ளி பற்றன் போன்ற பெரும் கலைஞரின் குரல் இன்று தேய்ந்த தட்டுக்களிலிருந்தே கேட்கப்படுகின்றது. அத்தகைய தட்டுக்களைச் சேர்த்தவருள் ஒருவரான ஹரி ஸ்மித், 1927 முதல் 1932 வரை வெளிவந்த தட்டுக்களிலிருந்து 84 பாடல்களைத் தெரிந்து, விரிவான குறிப்புக்களுடன் 1952 இல் போக்வேய்ஸ் நிறுவனத்தின்மூலம் வெளியிட்டார். மறக்கப்பட்ட பாடகர் பலர் அதனால் மீண்டும் அறியப்பட்டனர். அமெரிக்க நாட்டார் இசையின் மறுமலர்ச்சிக்கு அத்தொகுப்பு அடிநிலையாயிற்று. ஸ்மித் தம் தட்டுக்களைப் பெட்டியிற் பூட்டிவைத்திருந்தால் அவர் பெயரை இன்று எவரும் அறியார். அப்பாடகர் பெயரையும் அறியார்.

இரண்டாம் வகையின் முடிந்த முடிபு எதுவென்பதை 2015 ஆம் ஆண்டு காட்டியது. வூ-டாங் கிளான் என்னும் அமெரிக்க இசைக்குழுவினர் ஓர் இசைத்தொகுப்பை வேண்டுமென்றே ஒரேயொரு பிரதியாகச் செய்து, 2103 ஆம் ஆண்டுவரை அதனை வணிக நோக்கில் வெளியிடலாகாது என்ற நிபந்தனையுடன் விற்றனர். மருந்துக் கம்பனி முதலாளியொருவர் அதனை 20 இலட்சம் டொலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. இங்கே இசை கேட்கப்படுவதற்காகச் செய்யப்படவில்லை, கேட்கப்படாதிருப்பதற்காகவே விலைகொடுக்கப்பட்டது. இதனை விந்தையென்று சிரிப்போர், தம் அலுமாரியைத் திறந்து பார்த்தல் நன்று. ‘இத்தட்டு வேறெங்கும் இல்லை, பிரதி எடுக்க விடமாட்டேன்’ என்று கூறும் ஒவ்வொருவரும் அம்முதலாளியின் வழியிலேயே நடக்கின்றனர். தொகைதான் வேறு.

இவ்விருவகை மனப்பான்மையும் தமிழருக்குப் புதியனவல்ல. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஏட்டுச் சுவடிகளுக்கு நேர்ந்ததும் இதுவே. வீட்டிலிருந்த சுவடியைப் பிறருக்குக் காட்டினால் அதன் பெருமை போய்விடும் என்று மறைத்தவர் இருந்தனர். அச்சுவடிகளிற் பல செல்லரித்தன. அவற்றை மறைத்தவர் பெயரும் மறைந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் 1887 இற் சீவக சிந்தாமணியையும் 1892 இற் சிலப்பதிகாரத்தையும் 1894 இற் புறநானூற்றையும் வெளியிட்டார். இவர்களும் சேகரிப்போரே. ஆனால் அரிய சுவடி கைக்கு வந்தவுடன் அதன் அருமையை ஒழிப்பதே இவர்கள் தொழிலாயிருந்தது. புறநானூறு இன்று எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கின்றது என்றால், அது அரியதாக இருத்தல் ஆகாது என்று இவர்கள் உழைத்தமையே காரணம்.

ஏட்டின் நிலையும் ஒலிநாடாவின் நிலையும் பெரிதும் ஒத்தவை. தொட்ட இடமெல்லாம் ஏடு உதிர்ந்தமை பற்றித் தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையில் இரங்கினார். 1970 களிலும் 1980 களிலும் செய்யப்பட்ட ஒலிநாடாக்களிற் பலவற்றில், காந்தத் துகளை நாடாவோடு ஒட்டிவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகின்றது. அத்தகைய நாடாவைக் கருவியில் ஓட்டினால் துகள் உரிந்து கருவியின் முனையில் அப்பிக்கொள்கின்றது. துகள் போனால் குரலும் போயிற்று. ஈரமும் வெப்பமும் மிகுந்த எமது தட்பவெப்பநிலையில் பெட்டியிற் பூட்டிவைத்தல் பாதுகாப்பன்று, மெல்லச் சாகவிடுதலாகும். அன்றியும் இந்நாடாக்களை ஓட்டும் கருவிகளும் அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்களும் அருகி வருகின்றனர். இதனைக் கருதியே 2019 இல் யுனெஸ்கோவும் உலக ஒலிக்காப்பகச் சங்கமும் இணைந்து ஓர் எச்சரிக்கை விடுத்தன. காந்த நாடாக்களிலுள்ளவற்றை மாற்றிப் பதிவதற்கு அவை சுட்டிய எல்லை 2025 ஆம் ஆண்டு. அவ்வெல்லையை நாம் தொட்டுவிட்டோம்.

இவ்விடத்து எமது இசையையும் நாடகத்தையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஆறுமுக நாவலர் 1879 இல் மறைந்தார். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி தோன்றியது 1877 இல். நாவலரின் பிரசங்கம் எமக்குக் கேளாமற் போனமைக்கு எவரையும் குறைகூற முடியாது. பாரதி 1921 இல் மறைந்தபோது கிராமபோன் தமிழ்நாட்டுக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்திருந்தன; ஆயினும் அவர் குரல் எத்தட்டிலும் எமக்குக் கிடைத்திலது. எஸ். ஜி. கிட்டப்பா 1933 இல் 27 வயதில் மறைந்தார். பேசும்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. கொழும்பு நாடகமேடையில் கே. பி. சுந்தராம்பாளுடன் சேர்ந்து பாடிய அக்கலைஞனை இன்று நாம் அறிவதற்கு இசைத்தட்டுக்களையன்றி வேறு வழியில்லை. அத்தட்டுக்களும் பிறருக்குக் கொடுக்கப்பட்டமையாலேயே நிலைத்தன.

ஈழத்தின் நிலை இதனினும் இக்கட்டானது. ஆலய வீதியில் விடியவிடிய நிகழும் மேளக்கச்சேரியை மூன்று நிமிடத் தட்டு எவ்வாறு கொள்ளும்? அதனை ஏந்தக்கூடியது ஒலிநாடா ஒன்றே. தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975 இற் காலமானார். அவர் கலையை அறிய விரும்பும் மாணவன் அன்று எவரெவர் நாடாவிற் பதிந்தார்கள் என்றே தேடவேண்டியிருக்கின்றது. ‘இலண்டன் கந்தையா’, ‘தணியாத தாகம்’ என்ற வானொலி நாடகப் பெயர்களைக் கூறினால் முதியோர் முகம் மலரும். அவற்றை வரிசையாகக் கேட்டு ஈழத்து வானொலி நாடகம் பற்றி ஆராயப் புகும் மாணவனுக்கு வழிகாட்டுவார் யார்? நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ போன்ற பொப்பிசைப் பாடல்கள் ஒருகாலத்தில் ஊரெங்கும் ஒலித்தவை. அக்காலத்து ஈழத்துத் தட்டுக்கள் எத்தனை, எவ்வெவை, யார் வாசித்தனர் என்ற முழுமையான பட்டியலை எத்தனை நூலகத்திற் காணலாம்?

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்தபோது கையில் எடுத்தவை குழந்தைகள், உடுபுடைவை, நகை, காணி உறுதி, பரீட்சைச் சான்றிதழ். கசெற் பெட்டியை எவரும் தலையிற் சுமக்க நியாயமில்லை. மின்சாரமற்ற அந்நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட மக்களுக்கு ஒலிப்பதிவின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர்களிடம் எஞ்சியவை குறைவு. ஆகவே அப்போது வெளியிடங்களிலும் வெளிநாடுகளிலும் எஞ்சியிருந்த ஒவ்வொரு நாடாவும் ஒரு வீட்டின் சொத்தாக மட்டும் நிற்க முடியாது. அதனை வைத்திருப்பவர் உரிமையாளர் அல்லர், காவலர்.

இனி, எதிர்த்தரப்பார் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

‘என் பணத்தால் வாங்கினேன், கொடுப்பதும் மறுப்பதும் என் விருப்பம்’ என்பது முதலாவது. அவர் வாங்கியது அரக்குத் தட்டு, குரலை அன்று. தட்டை வாங்கியவனுக்குப் பாட்டின் உரிமையை எந்நாட்டுச் சட்டமும் கொடுத்ததில்லை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியிட்ட ஆண்டின் பின் 60 ஆண்டுகளில் முடிகின்றது. பதிந்த கம்பனிக்கே உரிமை முடிந்துபோன பழந்தட்டின்மீது, அதனைப் பழைய கடையில் வாங்கியவர் முடிவில்லா உரிமை கொண்டாடுதல் எவ்வகை நியாயம்? உரிமைக் காலம் முடியாதவற்றை விற்பனை செய்யும்படி எவரும் கேட்கவில்லை. காப்பதற்கும் ஆய்வறையில் இருந்து கேட்பதற்கும் ஒரு பிரதியே கேட்கப்படுகின்றது.

‘பிரதி பெருகினால் விலை விழும்’ என்பது இரண்டாவது. விலையைக் கருதுவோர் வியாபாரிகள். அவர்கள் தம்மைக் கலைக்காவலர் என்று கூறிக்கொள்ளாதிருத்தல் வேண்டும். அன்றியும் இக்கூற்று உண்மையுமன்று. ரொமி ஜோன்சன் என்னும் புளூஸ் பாடகரின் பழந்தட்டொன்று 2013 இல் 37,100 டொலருக்கு விலைபோயிற்று. அதிலுள்ள பாடல் அதற்கு நெடுங்காலம் முன்னரே மறுபதிப்புக்களிற் கேட்கக் கிடைத்ததே. மூலத்தின் மதிப்பைப் பிரதி கெடுப்பதில்லை. பலர் அறிந்த பாட்டின் மூலத்தையே பலர் விரும்புவர்.

‘எல்லாம் இணையத்தில் உள்ளனவே, இனி எதற்கு இக்கவலை?’ என்பது மூன்றாவது. இதனைக் கூறுவோர் பெரும்பாலும் சேகரிப்போர் அல்லர், சோம்பலுடையோர். இணையத்தில் ஏற்றப்பட்டவற்றிற் பலவற்றுக்குப் பாடியவர் பெயர் பிழை. தட்டின் இலக்கம் இல்லை. பக்கவாத்தியக்காரர் பெயர் இல்லை. இரைச்சலை நீக்கப் புகுந்து குரலின் ஒரு பகுதியையும் நீக்கிவிட்டனர். தொடக்ககாலத் தட்டுக்கள் யாவும் திட்டமாக 78 சுற்றிற் பதியப்பட்டவையல்ல. 74 சுற்றிற் பதிந்ததை 78 இற் சுழற்றினால் சுருதி ஏறத்தாழ ஒரு தானம் உயர்ந்துவிடும். உயர்ந்த சுருதியிற் பாடியமைக்காகப் புகழப்படும் ஒரு பாடகர் உண்மையில் எச்சுருதியிற் பாடினார் என்று அறிய, மூலத்தட்டும் அதுபற்றிய குறிப்பும் தேவை. ஆகவே தட்டையும் காத்தல் வேண்டும். பிரதியையும் பரப்புதல் வேண்டும். இந்திய இசைத்தட்டுக்களின் தொடக்ககாலப் பதிவுகளை 1908 வரை வரிசைப்படுத்தி 1994 இல் நூலாக்கியவர் மைக்கல் கினியர் என்னும் அவுஸ்திரேலியர். எமது பட்டியலையேனும் நாம் செய்யவேண்டாமா?

நான்காவது நியாயமே வலிமையுடையது. ‘நிறுவனங்களை நம்பிக் கொடுத்தால் அழிந்துவிடும், யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நேர்ந்ததை மறந்தீரோ?’ என்பர். மறந்திலோம். 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு எரியூட்டப்பட்ட அந்நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஆனால் அவ்வழிவு கற்பிக்கும் பாடம் யாது? எரிந்தவற்றுள் வேறிடத்திற் பிரதி இருந்த நூல்களைப் பின்னர் மீண்டும் பெற முடிந்தது. பிரதி இல்லாத சுவடிகளும் கையெழுத்துப் படிகளுமே என்றைக்குமாய்ப் போயின. ஆகவே அத்தீ கண்டித்தது நிறுவனத்தை அன்று, ஒற்றைப் பிரதியை. நூலகத்தில் இருந்தாலென்ன, தனியார் அலுமாரியில் இருந்தாலென்ன, ஒன்றே ஒன்றாக இருப்பது எரிவதற்குக் காத்திருப்பதாகும்.

இதே பாடத்தை மேற்கு ஆபிரிக்க நாடான கினியும் கற்றது. விடுதலையின் பின் அந்நாட்டரசு ‘சிலிபோன்’ என்னும் பெயரில் தன் இசைக்குழுக்களின் தட்டுக்களை வெளியிட்டுவந்தது. 1985 இல் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின்போது வானொலி நிலையம் தாக்கப்பட்டு இசைத்தட்டு நூலகம் அழிந்தது. ஆயினும் அத்தட்டுக்கள் பலரது கைக்குப் போயிருந்தன. பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு ஆய்வாளர் ஒருவர் 2008 முதல் அவற்றைத் தேடித் திரட்டி அத்தொகுதியை மீளமைத்தார். நிலையத்தில் எஞ்சியிருந்த ஒலிநாடாக்களையும் சேர்த்து 9,000 இற்கு மேற்பட்ட பாடல்களைக் காத்தார். சேகரிப்போர் திறந்த கையினராக இருந்தால் அழிந்த நூலகமும் எழும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமோ?

பல்கலைக்கழகத்தவராகிய எமக்கும் இக்கண்டனத்திற் பங்குண்டு. 1899 இல் வியன்னாவிலும் 1900 இல் பேர்லினிலும் ஒலிக்காப்பகங்கள் தோன்றின. 1913 முதல் 1929 வரை இந்திய மொழிகளின் பேச்சைக் கிராமபோன் தட்டுக்களிற் பதிந்த அரசாங்க மொழியாய்வு, தமிழ்ப் பேச்சையும் பதிந்து வைத்தது. நாமோ ஒரு நூற்றாண்டின் பின்னும் எழுத்தில் வந்ததையே சான்றென்றும், ஒலியில் வந்ததைப் பொழுதுபோக்கென்றும் கருதும் பழக்கத்தை விட்டோமில்லை. நூலுக்குப் பதிப்பு வரலாறு கேட்கும் பேராசிரியர், பாட்டுக்குப் பதிவு வரலாறு கேட்பதில்லை. மதியாதவற்றைச் சேகரிப்போர் மறைக்கின்றனர் என்று நாம் குறைகூறுதல் எவ்வாறு பொருந்தும்? அவர்கள் மறைப்பதற்கு எமது அலட்சியமே துணைசெய்தது.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பட்டியல். இச்சங்கத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் அடுத்த விடுமுறையில் தத்தம் ஊரிற் பத்து வீடுகளிலேனும் விசாரித்து, எத்தட்டு, எந்நாடா, எவர் குரல், எந்த ஆண்டு, எந்நிலையில் உள்ளது என்று எழுதிக் கொணர்தல் வேண்டும். பொருளை எவரும் கையளிக்க வேண்டியதில்லை. உண்டு என்ற செய்தியே போதும். கசெற்றின் முதுகிலுள்ள இரு சிறு தகடுகளை முறித்துவிட்டால் அதன்மேல் வேறொன்று தவறுதலாகப் பதியப்படாது என்பதையும் அவ்வீட்டாருக்குச் சொல்லிவருதல் நன்று. இரண்டாவது, கருவி. பல்கலைக்கழக நூலகத்தில் நல்ல நிலையிலுள்ள தட்டுச் சுழலியும் நாடாக் கருவிகளும் அவற்றை இயக்கத் தெரிந்த ஒருவரும் இருத்தல் வேண்டும். கொண்டுவருபவர் முன்னிலையிலேயே பிரதி எடுத்து மூலத்தை அன்றே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். மூன்றாவது, ஈரிடத்து வைப்பு. எடுத்த பிரதி ஒரே கட்டடத்தில் இருத்தலாகாது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனம் போன்றோரிடமும் ஒன்று இருத்தல் வேண்டும்.

சேகரிப்போரிடம் ஈற்றில் ஒரு வேண்டுகோள். நீங்கள் தேடிய தட்டைப் பாடியவர் பலர் கேட்பதற்காகப் பாடினார். நீங்கள் அதனை மீட்டபோது அவர் கருத்தைப் பாதி நிறைவேற்றினீர்கள். மற்றைப் பாதிக்கு ஒரு மணிநேரமும் ஒரு பிரதியும் போதும். அதனைச் செய்தவருக்கு இப்பல்கலைக்கழகம் தலைவணங்கும். செய்யாதவர் அலுமாரியில் இருப்பது இசைச் செல்வமன்று. அரக்கும் பிளாத்திக்கும் மட்டுமே.